அடித்தல் திருத்தல் இல்லாத ஈ.பி. கார்டு

என் மாமனார் கிட்டுசாமி டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையில் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, மீட்டர் எங்க இருக்கு?" என்பதுதான். மற்ற மாமனார்கள் கோயில் எவ்வளவு தூரம், வாழைக்காய் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். இவர் மீட்டரைக் கேட்டார். நான் உத்தேசமாக கராஜ் பக்கச் சுவரைக் கைகாட்டினேன். ஐந்து வருடமாக அந்த வீட்டில் இருந்தும் மீட்டரை நான் ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. கரண்ட் பில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பில்லின் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

இது 2008 ஏப்ரலில். மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திண்டுக்கல் வீட்டில் தனியாக இருந்தவரை என் மனைவி ஷ்யாமளா நச்சரித்து, ஆறு மாத விசாவில் வரவழைத்திருந்தாள். மனிதர் மின்வாரியத்தில் அசெஸ்ஸராக இருந்தவர். அதாவது வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ரீடிங் எழுதுகிற வேலை. முப்பத்தொரு வருடம் அதே வேலை, அதே ஊர். நாகல் நகர், பேகம்பூர் பக்கமெல்லாம் அவர் ஏறாத படி கிடையாது. நாய் கடித்தது நான்கு தடவை. ஒவ்வொரு கடிக்கும் ஒரு கதை உண்டு, நான்கையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஈ.பி. கார்டு என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குமே, அந்த வெள்ளை அட்டை. அசெஸ்ஸர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து தேதி, ரீடிங், எத்தனை யூனிட் என்று எழுதி, ஓரத்தில் இனிஷியல் போட்டுவிட்டுப் போவார். எழுதியதில் தப்பு வந்துவிட்டால் மேலே கிறுக்கக் கூடாது. சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் தேதியோடு இனிஷியல் போட வேண்டும். "முப்பத்தொரு வருஷத்துல அந்தச் செவப்புக் கோட்டை நான் போட்டதே கெடையாது மாப்பிள்ளை" என்று அவர் சொல்லும்போது கழுத்து ஒரு அங்குலம் நீளும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். நானெல்லாம் என்ஜினியர், ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழித்து எழுதுகிறவன்.

வந்த முதல் வாரமே பேத்தி அஞ்சனாவின் கைவேலைப் பெட்டியிலிருந்து ஒரு கெட்டி அட்டையை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கராஜ் சுவரில் மாட்டிவிட்டார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, ரீடிங் இத்தனை, இனிஷியல் கி.சா. அதோடு ஏசியும் அவர் கைக்குப் போனது. "தாத்தா டர்ன்டு இட் ஆஃப் அகெய்ன்!" என்று அஞ்சனா மாடியிலிருந்து கத்துவாள். அவருக்கு அந்த இங்கிலீஷ் புரியும். ஆனால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவார்.

டெக்சாஸில் கரண்ட் விற்கிற கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று நான் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பியும் மீட்டரும் ஒருவருடையது, கரண்டை விற்பவர்கள் வேறு பலர், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வாரியத்தையே மாத்தலாமா?"

"மாத்தலாம் மாமா. இன்டர்நெட்லயே மாத்தலாம். பத்து நிமிஷம்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்க வேண்டாம்."

அன்று முழுக்க அவர் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். மனைவியை மாற்றலாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டார். மறுநாள் காலையில் தெளிந்து வந்து, "அப்ப யார் கம்மின்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. என் நண்பர்களும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் கரண்ட் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் புலம்பினோம், ஒருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அவர் பார்த்தார். எங்களைச் சுற்றியிருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்கும் ஷ்யாமளாவோடு காரில் போய் மீட்டர் பார்த்தார், ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு மாட்டினார். அந்த ஐந்து பேரில் ஒருவர் அன்வர் பாட்சா. என்னோடு முன்பு வேலை பார்த்தவர், அப்பார்ட்மென்டில் வாடகைக்கு இருந்தார். அவர் மனைவி ஷம்சாத்தின் ஊர் திண்டுக்கல் பேகம்பூர். கார்டில் மாமனார் இனிஷியல் போட்டதைப் பார்த்ததும் அந்தப் பெண் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"அங்கிள், இந்த கி.சா. நீங்கதானா? எங்க அத்தா வீட்டுக் கார்டு பூரா இதேதான் இருக்கும்! அத்தா சொல்வாங்க, இந்த ஆளு எழுதினா திரும்பப் பாக்க வேணாம்னு."

மாமனாரின் கழுத்து அன்று எத்தனை அங்குலம் நீண்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் நிலைமை நன்றாக இல்லை. அன்வரின் வேலை ஏப்ரலோடு போய்விட்டது. விசாவுக்காக அவசரமாக வேறு கம்பெனி பிடித்தாக வேண்டும். இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. ஷம்சாத் ஒவ்வொரு டாலரையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செலவழித்துக்கொண்டிருந்தாள். மாமனார் அதைக் கவனித்திருக்கிறார். "அந்தப் புள்ளைக்காகவாவது இதைச் சரியாப் பண்ணணும்" என்று காரில் ஷ்யாமளாவிடம் சொன்னாராம்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி இரண்டாவது ரீடிங் எடுத்தார். எங்கள் வீட்டில் 2,060 யூனிட். அன்வர் வீட்டில் 1,910. மற்ற நான்கும் ஏறக்குறைய அதே அளவு. இனி கம்பெனிகளின் விலைகள் வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விவரச் சீட்டு வெளியிட வேண்டும் என்று இங்கே சட்டம். ஐந்நூறு யூனிட் செலவழித்தால் யூனிட் என்ன விலை, ஆயிரம் ஆனால் என்ன விலை, இரண்டாயிரம் ஆனால் என்ன விலை என்று அதில் மூன்று எண்கள் இருக்கும். என் வேலை அந்தச் சீட்டுகளை இன்டர்நெட்டில் எடுத்துத் தருவது. இருபத்து மூன்று கம்பெனி, இருபத்து மூன்று சீட்டு, எல்லாம் பொடி எழுத்து. எனக்கு எப்போதும் போல ஆபீஸ் அவசரம். எண்களை மட்டும் எக்செல்லில் ஒட்டி, தேவையில்லாத வரிகளையெல்லாம் தூக்கிவிட்டு, ஒரே தாளில் அடங்குமாறு அச்சடித்துக் கொடுத்தேன். கம்பெனி பெயர், 500, 1000, 2000. அழகாக இருந்தது. "பிரமாதம் மாப்பிள்ளை" என்று வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் உட்கார்ந்தார். கார்டில் இரண்டாயிரம் யூனிட், தாளில் 2000 என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு புதுக் கம்பெனி 12.8 சென்ட் என்று இருந்தது. அடுத்தது 14.1. நாங்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்தது சுமார் பதினைந்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆறு குடும்பமும் எங்கள் வீட்டில் கூடினோம். தயிர்சாதம், ஷம்சாத் கொண்டுவந்த நெய்ச்சோறு, கோழிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராக என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு மாறினோம். ஒரு வருட ஒப்பந்தம். நடுவில் விட்டால் இருநூற்றைம்பது டாலர் அபராதம். ஆறு ஆண்களில் ஐந்து பேர் என்ஜினியர், ஒருவர் டாக்டர். ஒருவராவது அந்தச் சீட்டைத் திறந்து படித்தோமா? இல்லை. நெய்ச்சோற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை மத்தியானம் மூன்றே முக்கால் மணிக்கு ஆபீஸில் என் போன் அடித்தது. மாமனார். அவர் எனக்குப் பகலில் போன் செய்ததே கிடையாது. குரல் அவர் குரலாகவே இல்லை.

"மாப்பிள்ளை, தப்பு நடந்து போச்சு. உடனே வாங்க."

"யாருக்கு என்ன மாமா? அஞ்சனாவுக்கா?"

"அஞ்சனாவுக்கு ஒண்ணுமில்ல. கரண்ட். ஆறு வீட்டையும் தப்பா மாத்திட்டோம்."

விஷயம் இதுதான். ஷம்சாத்துக்கு ஒரு பழக்கம், கையெழுத்துப் போட்ட பிறகாவது காகிதத்தைப் படித்துவிடுவாள். கம்பெனி அனுப்பிய ஈமெயிலை அச்சடித்துப் படித்தவள், அந்தத் தாளோடு நேரே எங்கள் வீட்டுக்கு மாமனாரிடம் வந்திருக்கிறாள். அந்த விவரச் சீட்டில் 500, 1000, 2000 என்பதெல்லாம் ஒரு மாதச் செலவு. மாமனாரின் கார்டிலோ இரண்டு மாதக் கணக்கு. ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முப்பத்தொரு வருடம் அவருக்கு யூனிட் என்றாலே இரண்டு மாத யூனிட்தான். நாங்கள் பார்த்திருக்க வேண்டியது ஆயிரம் என்ற கட்டம். அதில் அந்தக் கம்பெனியின் விலை 16.3. ஏனென்றால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு யூனிட்டுக்குக் கீழே போனால் முப்பது டாலர் தனியாகப் போடுவார்கள். பொடி எழுத்தில் அதுவும் இருந்தது. அடுத்த கம்பெனி ஆயிரத்துக்கும் 14.3தான். ஜூலை, ஆகஸ்டில் ஏசி ஓடித் தப்பித்தாலும், மீதி மாதமெல்லாம் இப்போது கட்டுவதைவிட அதிகமாகத்தான் கட்டப்போகிறோம்.

"கம்மியாச் செலவு பண்றவன்கிட்ட ஜாஸ்தி வாங்குறான் மாப்பிள்ளை!" என்று போனில் கிட்டத்தட்ட அலறினார். "நம்மூர்ல கொறைச்சுச் செலவழிச்சா வெலை கொறையும். இங்க ஏறுது! இது என்னங்க நியாயம்?"

ஏசியை அணைத்து அணைத்து அவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டும் எங்களை அந்த முப்பது டாலர் பக்கம் தள்ளியிருக்கிறது.

ஒரே ஒரு வழி இருந்தது. அதையும் ஷம்சாத்தான் படித்துக் கண்டுபிடித்திருந்தாள். மாறிய மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மாறினோம். மூன்றாவது வேலை நாள் புதன். அந்தக் கம்பெனியின் போன் சாயங்காலம் ஏழு மணிவரை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே பேச வேண்டும், மனைவி பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் போன் செய்வதற்கு முன்பே மாமனார் நான்கு வீட்டுக்குப் பேசிவிட்டார். நான்கு பேரும் ரத்து செய்தாயிற்று. பாக்கி எங்கள் வீடும் அன்வர் வீடும்.

"நம்ம வீட்டை நான் பாத்துக்கறேன் மாமா. அன்வர் எங்க?"

அன்வர் ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு ஆபீஸில் இன்டர்வியூவில் இருந்தார். மூன்று மணிக்கு உள்ளே போனவர் போனை அணைத்து வைத்திருந்தார். எப்போது வெளியே வருவார் என்று ஷம்சாத்துக்கும் தெரியாது. போன தடவை ஒரு கம்பெனியில் ராத்திரி எட்டு மணிவரை உட்காரவைத்தார்களாம்.

"நாம அங்க போயிரலாம்" என்றார் மாமனார்.

"அவ்வளவு தூரமா? மாமா, டிராஃபிக் டைம். நான் மெசேஜ் விட்டுப் பாக்கறேன்."

"நீங்க வரலேன்னா நான் நடந்து போறேன்."

சொன்னால் செய்கிற ஆள். பேர்லேண்டில் நடந்து போனால் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி என்ன ஆயிற்று என்று விசாரிப்பார். நான் ஆபீஸிலிருந்து கிளம்பினேன். வீட்டு டிரைவ்வேயில் அவர் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வெளியூர்ப் பயணத்துக்கு வாங்கிய விளையாட்டு ஷூ என்று தயாராக நின்றிருந்தார். மணி நான்கே முக்கால்.

காரில் நான் பேசியதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஊரைச் சுற்றிப் போகிற பெல்ட்வே நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. எனக்கு முன்னால் ஒரு லாரி. எனக்கு எல்லாக் கோபமும் ஒன்றாக வந்தது. ஆபீஸில் பாதியில் விட்ட மீட்டிங், அணைத்த ஏசி, நான்கு நாய்க்கடிக் கதைகள், எல்லாம்.

"ரெண்டு மாசத்தை ஒரு மாசம்னு எப்படி மாமா பாத்தீங்க? இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு. பில் மாசா மாசம்னு தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புதான் மாப்பிள்ளை" என்றார்.

"அன்வருக்கு வேலை இல்ல. அவங்க தலைல இதை ஏத்தணுமா? உங்களை யார் கேட்டா? சும்மா இருந்திருக்கலாம்ல?"

"தப்புதான்."

"முப்பத்தொரு வருஷம் ரீடிங் எடுத்தேன் எடுத்தேன்னு சொல்றீங்களே, இதுதான் லட்சணமா?"

அவர் மடியில் அன்வர் வீட்டுக் கார்டு இருந்தது. மத்தியானம் ஷம்சாத்திடமிருந்து வாங்கி வைத்திருக்கிறார். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அத்தோடு என் வாய் நின்றது. ஆனால் கோபம் நின்றதால் இல்லை, பெல்ட்வே நகர ஆரம்பித்ததால்.

அந்த ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறு பத்து. கண்ணாடிக் கட்டடம். வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இன்டர்வியூ நடக்கும்போது கூப்பிட முடியாது என்றாள். மாமனாருக்கு அவள் சொன்னது முழுக்கப் புரிந்தது. "வெளிய வர்ற வழி இது ஒண்ணுதானான்னு கேளுங்க மாப்பிள்ளை" என்றார். கேட்டேன், ஒன்றுதான். லிஃப்டுக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டார். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. அறுபத்தாறு வயது. அரை மணி நேரம் அப்படியே நின்றார். ஆறரைக்கு எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆறு முப்பத்தெட்டுக்கு லிஃப்ட் திறந்தது.

கோட்டு சூட்டில் சிரித்துக்கொண்டு வந்த அன்வர், எதிரில் மாமனாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது.

"அங்கிள்... ஷம்சாத்துக்கு என்ன ஆச்சு? புள்ளைக்கா?"

பேர்லேண்டில் இருக்க வேண்டிய இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நாங்கள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. மாமனார் பதறிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல! எல்லாரும் நல்லா இருக்காங்க. கரண்ட்! கரண்ட் பில்லு!"

"கரண்ட் பில்லா?"

"நான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன். ஏழு மணிக்குள்ள நீங்க போன் பண்ணணும்."

அன்வருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. என் போனை வாங்கி அங்கேயே தரையில் உட்கார்ந்து பேசினார். முதலில் பாட்டு ஓடியது, பன்னிரண்டு நிமிடம். மாமனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆறு ஐம்பத்து நான்குக்கு ஒரு மனிதக் குரல் வந்தது. ஆறு ஐம்பத்தெட்டுக்கு ரத்து எண் கொடுத்தார்கள். மாமனார் அதை அன்வர் வீட்டுக் கார்டின் பின்பக்கம் எழுதி, இரண்டு தடவை திருப்பிப் படித்துச் சரிபார்த்தார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி, வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஷ்யாமளா காபி போட்டாள். மாமனார் எங்கள் வீட்டுக் கார்டையும் கழற்றி வந்து, சாப்பாட்டு மேசையில் அன்வர் வீட்டுக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்து, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மற்ற நான்கு வீட்டு ரத்து எண்களையும் ஏற்கெனவே ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

"நம்ம வீட்டு நம்பர் சொல்லுங்க மாப்பிள்ளை."

நம்ம வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்தான். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது பண்ணலாம் என்று நினைத்தேன். காரில் பண்ணலாம் என்று நினைத்தேன். காரில் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அன்வருக்குப் போனைக் கொடுத்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அப்பா, அவர் பண்ணவே இல்ல" என்றாள் ஷ்யாமளா, என் முகத்தைப் பார்த்து.

ஒருவேளை இன்னும் யாராவது இருப்பார்களோ என்று கம்ப்யூட்டருக்கு ஓடினேன். எண்ணைத் தேடிப் போன் செய்தேன். ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொன்னது. திரையில் அந்தக் கம்பெனியின் விவரச் சீட்டு திறந்திருந்தது. முதல்முறையாக அதைப் படித்தேன். 500, 1000, 2000 என்ற எண்களுக்கு முன்னால் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: சராசரி மாதாந்தரச் செலவு.

என் எக்செல் தாளில் அந்த வரி இல்லை. ஒரே தாளில் அடங்கவேண்டும் என்று நான்தான் தூக்கியிருந்தேன். தேவையில்லாத வரி.

மேசைக்குத் திரும்பி வந்தேன். அங்கே ஷம்சாத் மத்தியானம் கொண்டுவந்த அச்சுத் தாள் விரித்துக் கிடந்தது. அதில் அந்த 'மாதாந்தர' என்ற வார்த்தைக்கு அடியில் நீலப் பேனாவால் கோடு. பக்கத்தில் நான் கொடுத்த தாள். அந்த வார்த்தை இருக்க வேண்டிய வெற்று இடத்தைச் சுற்றி அதே நீலத்தில் சின்னதாக ஒரு வட்டம். மூன்றே முக்காலுக்கு எனக்குப் போன் செய்வதற்கு முன்பே அவர் இரண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறார். பெல்ட்வேயில் நான் அவரை உரித்தெடுத்த ஒரு மணி நேரமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மாமா, அந்த வரியைத் தூக்கினது நான்" என்றேன்.

"தெரியும் மாப்பிள்ளை."

"அப்புறம் ஏன் காரில சொல்லல? நான் அவ்வளவு பேசினேனே!"

அவர் கார்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "இதுல இனிஷியல் யாருது?"

கார்டின் ஓரத்தைப் பார்த்தேன். கி.சா.

"தாள் யாரு குடுத்தாலும் பாத்து எழுதினவன் நான். மீட்டர் கண்ணாடி மங்கலா இருந்துச்சு, வீட்டுக்காரர் சொன்னாருன்னு ஒரு அசெஸ்ஸர் சொல்ல முடியாது. மாசமா ரெண்டு மாசமான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல."

சொல்லிவிட்டு ஸ்கேலை வைத்து, இரண்டாயிரத்துச் சொச்சத்தின் மேல் சிவப்பில் ஒரு கோடு போட்டார். நேர்க்கோடு. மேலே ஒரு மாதத்துக்கு ஆயிரத்து முப்பது என்று எழுதினார். பக்கத்தில் 18.6.2008. முப்பத்தொரு வருடமும் அதற்கு மேல் ஏழெட்டு வருட ஓய்வும் கழித்து, அவர் போட்ட முதல் சிவப்புக் கோடு என் வீட்டுக் கராஜில் தொங்குகிற கார்டில். நான் கையை நீட்டி, "நானும் இனிஷியல் போடறேன் மாமா" என்றேன். அழுகை வரும்போல இருந்தது, அதனால் சத்தமாகவே கேட்டேன்.

"அங்க நீங்க போடக் கூடாது மாப்பிள்ளை. அது அசெஸ்ஸர் எடம்" என்று பேனாவை எடுத்துக்கொண்டு, கி.சா. என்று போட்டார். "ஜூலைலேர்ந்து மாசா மாசம் நீங்க ரீடிங் எடுங்க. அப்பப் போடுங்க."

அன்வருக்கு அந்த வேலை கிடைத்தது. மாமனாரே தேடிக் கொடுத்த 14.3 கம்பெனிக்கு ஐந்து குடும்பமும் மாறியது. நாங்கள் மட்டும் ஒரு வருடம் அந்தப் புதுக் கம்பெனியிலேயே இருந்தோம். அபராதம் கட்டி வெளியே வரலாம் என்றாள் ஷ்யாமளா. வேண்டாம், மாதா மாதம் அந்த அதிக பில்லையே கட்டுகிறேன் என்றேன். அக்டோபரில் மாமனார் ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். "மீட்டரைச் சாயங்காலம் பாக்காதீங்க, வெயில் கண்ணுல அடிக்கும், காலைல பாருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நான் காலையில்தான் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை, பன்னிரண்டாம் தேதி. கார்டு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. கீழே வரிசையாக என் இனிஷியல், ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. அந்தக் கார்டில் இருக்கிற ஒரே தப்பு என்னுடையது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற இனிஷியல் மட்டும் அவருடையது.